கார்டின் வருடக் கட்டணம்: எந்தக் கார்ட் யாருக்குக் கட்டும்?

டெபிட் கார்டுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய் போகிறது, கிரெடிட் கார்டுக்குச் சில ஆயிரம். கணக்குக் கூற்றில் ஒற்றை வரியாக வந்து போகும் இந்தத் தொகையைப் பலர் கவனிப்பதேயில்லை. கவனிக்கிறவர்களோ அதை மட்டும் பார்த்து, "இதற்குக் கட்டணம் இல்லை, இதுதான் நல்லது" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். கவனிக்காதவருக்கும் கட்டணத்தை மட்டும் பார்ப்பவருக்கும் காசு போகும். வருடக் கட்டணம் என்பது கார்டின் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். மீதிப் பங்கை நீங்கள் எந்த ஊரில் காசு எடுக்கிறீர்கள், சம்பளம் எத்தனையாம் திகதி வருகிறது, கடிதம் உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பவை தீர்மானிக்கின்றன. இந்த மூன்றும் கொழும்பில் இருப்பவருக்கு ஒரு மாதிரி, பொகவந்தலாவையில் இருப்பவருக்கு வேறு மாதிரி. ஆகவே கொழும்புக்காரர் சொல்லும் "நல்ல கார்ட்" மலையகத்தில் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அளவுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்குத் தீர்மானிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். 3,000 ரூபாய் வருடக் கட்டணம் என்றால் அந்தக் கணக்கில் இரண்டு நாளுக்கு மேல் மலையேறிக் கொழுந்து பறித்த கூலி. அதைக் கொடுத்து என்ன வாங்குகிறோம் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கார்டே வேண்டாம் என்றால்

வங்கிப் புத்தகம் மட்டும் வைத்திருப்பதும் ஒரு தெரிவுதான். தேசிய சேமிப்பு வங்கியின் சேமிப்புக் கணக்கைத் தபாலகம் வழியாகவும் நடத்தலாம். அந்த வங்கியில் போட்ட பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் காசு எடுக்கும் ஓய்வுபெற்றவருக்கும், பிள்ளையின் படிப்புக்காகப் போட்டு வைத்த பணத்துக்கும் இது போதும். கார்ட் இல்லாத கணக்குக்கு கார்டின் வருடக் கட்டணமும் இல்லை, கார்ட் தொலைகிற கவலையும் இல்லை.

இதன் குறை நேரம். வங்கி திறந்திருக்கும் நேரத்தில் டவுனுக்கு இறங்கினால் ஒரு நாள் வேலை போகிறது. அந்த ஒரு நாள் சம்பளமே டெபிட் கார்டின் ஒரு வருடக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும். எனவே மாதம் இரண்டு தடவைக்கு மேல் காசு எடுக்கிற, இன்னும் வேலைக்குப் போகிற ஒருவருக்குப் புத்தகம் மட்டும் என்பது மலிவான வழி அல்ல.

டெபிட் கார்ட்: கட்டணம் எங்கே ஒளிந்திருக்கிறது

வருடக் கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து தானாக வெட்டப்படும். பெரும்பாலும் கார்ட் கொடுத்த மாதம் திரும்பி வரும்போது வெட்டுவார்கள், சில வங்கிகள் எல்லோருக்கும் வருடத்தின் ஒரே மாதத்தில் வெட்டும். நீங்கள் கார்டை இயந்திரத்தில் போட்டீர்களா இல்லையா என்பது கணக்கில் எடுக்கப்படாது. பழைய வேலையிடத்துக்காகத் திறந்த கணக்கு, பாதியில் விட்ட படிப்புக்காகத் திறந்த கணக்கு என்று இரண்டு மூன்று கார்ட் பெட்டிக்குள் கிடந்தால், ஒவ்வொன்றும் வருடாவருடம் தின்றுகொண்டிருக்கும். கணக்கிலுள்ள மீதி, வங்கி சொன்ன குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இறங்கினால் அதற்கும் தனிக் கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. சிறிய மீதியுள்ள கணக்கு இரண்டு மூன்று வருடத்தில் வெறுமையாகிப் போவது இப்படித்தான்.

இனி எல்லோரும் விட்டுவிடுகிற கணக்குக்கு வருவோம். சொந்த வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுத்தால் கட்டணம் இல்லை, அல்லது மிகச் சிறியது. வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால், வங்கிகளை இணைக்கும் லங்காபே வலையமைப்பு வழியாகப் பணம் வரும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கட்டணம் வெட்டப்படும். அது 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் நான்கு தடவை எடுத்தால் 120. வருடத்துக்கு 1,440. மீதி பார்ப்பதற்கும் சிறு கட்டணம் உண்டு, அது தனி. ஆக, "வருடக் கட்டணம் 300 குறைவு" என்று தேர்ந்தெடுத்த வங்கிக்கு உங்கள் டவுனில் இயந்திரம் இல்லாவிட்டால், அந்த 300ஐ மூன்று மாதத்துக்குள் இழந்துவிடுவீர்கள்.

எனவே டெபிட் கார்ட் எடுக்கும்போது முதல் கேள்வி இது: நீங்கள் சாமான் வாங்க இறங்கும் டவுனில் எந்த வங்கியின் இயந்திரம் இருக்கிறது? ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ பல வங்கிகள் இருக்கின்றன, அங்கே தெரிவு செய்ய இடம் உண்டு. சிறிய டவுன்களில் ஒன்றோ இரண்டோதான். அப்படியான இடத்தில், இயந்திரம் உள்ள வங்கியில் கணக்கு இருப்பதுதான் வருடக் கட்டணத்தைவிடப் பெரிய சேமிப்பு. சம்பளம் வேறு வங்கிக்குத்தான் வரவேண்டும் என்று வேலையிடம் கட்டாயப்படுத்தினால், மாதத்துக்கு நான்கு தடவை சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள், அல்லது வங்கிச் செயலி மூலம் பக்கத்து வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றும் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபிட் கார்டிலும் வகைகள் உண்டு. உள்நாட்டில் மட்டும் வேலை செய்யும் கார்ட், விசா அல்லது மாஸ்டர்கார்ட் அடையாளத்தோடு வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கும் உதவும் கார்ட், அதற்கு மேல் தங்கம், பிளாட்டினம் என்று பெயர் வைத்த கார்ட். பெயர் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். வெளிநாட்டு இணையத்தளத்தில் எதுவும் வாங்காத ஒருவருக்கு அடிப்படை வகையே போதும். வங்கியில் கேட்காமலே மேல்வகைக் கார்டைக் கையில் தந்திருந்தால், அடிப்படை வகைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். மாற்றும்போது புதுக் கார்ட் கட்டணம் ஒன்றைச் சிலர் எடுப்பார்கள். அதையும் மிச்சப்படும் தொகையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்.எம்.எஸ். அறிவித்தலுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் அதை நிறுத்தாதீர்கள். கணக்கிலிருந்து பணம் போனதை உடனே சொல்வது அதுதான். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் இருக்கின்றன.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. கடனுக்குச் சாமான் எடுத்துவிட்டு, கடைக்காரரிடமோ வட்டிக்குக் கொடுப்பவரிடமோ கார்டையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்து வைப்பது. அந்தக் கார்டில் என்ன நடந்தாலும் வங்கி உங்களைத்தான் பொறுப்பாக்கும். இரகசிய இலக்கத்தை நீங்களே கொடுத்தீர்கள் என்றால் முறைப்பாட்டுக்கும் பலமில்லை. இப்படிக் கொடுத்து வைத்தவர்கள் கணக்கில் உள்ள மீதியைக்கூட அறியாமல் இருக்கிறார்கள். மிகவும் வேதனையான விடயம் இது. உங்கள் கார்ட் இப்படி வெளியே இருந்தால், வங்கிக்குப் போய் அதை நிறுத்திப் புதுக் கார்ட் எடுங்கள். மாற்றுக் கார்டுக்கான கட்டணம் போனால் போகட்டும். கடனை வேறு வழியில் பேசித் தீர்க்கலாம்.

கிரெடிட் கார்ட்: மூன்று கார்டை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்

எண்கள் இல்லாமல் இதைப் பேசிப் பயனில்லை. கணக்குக்காக மூன்று கார்ட் எடுத்துக்கொள்வோம். முதலாவது, வருடக் கட்டணம் இல்லை, சலுகையும் இல்லை. இரண்டாவது, கட்டணம் 3,000 ரூபாய். வருடத்துக்கு 300,000 ரூபாய் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி. வாங்குவதில் 1 வீதம் காசாகத் திரும்பி வரும். மூன்றாவது, 8,000 ரூபாய்க் கட்டணம், கட்டுநாயக்க விமான நிலைய ஓய்வறை, பெரிய ஹோட்டல்களில் கழிவு.

மூன்றாவதை உடனே ஒதுக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவைகூட விமானம் ஏறாத குடும்பத்துக்கு அந்த ஓய்வறையால் என்ன பயன்?

ஹட்டனில் ஆசிரியத் தம்பதி ஒன்று. கார்ட் ஏற்கும் இடங்களில் அவர்களின் மாதச் செலவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மாதச் செலவு முழுவதையும் எடுத்தால் கணக்குப் பிழைக்கும். மரக்கறிச் சந்தை, தோட்டத்துக் கடை, பாடசாலை வேன், டியூஷன், முச்சக்கரவண்டி எல்லாம் காசுதான். சுப்பர்மார்க்கட், மருந்துக்கடை, உடுப்புக்கடை, பெற்றோல் நிலையம் என்று கூட்டினால் மாதம் 18,000 வரலாம். வருடத்துக்கு 216,000. இரண்டாவது கார்டில் திரும்பி வருவது 2,160, கட்டணம் 3,000. கையிலிருந்து 840 போகிறது. இன்னும் 84,000 செலவழித்தால் 3,000 தள்ளுபடியாகும் என்று டிசெம்பரில் தேவையில்லாத தொலைக்காட்சி ஒன்று வீட்டுக்கு வந்துவிடும். இவர்களுக்கு முதலாவது கார்ட்தான்.

அதே வீட்டில் மாதம் 25,000 கார்டில் போகிறது என்றால் வருடத்துக்கு 300,000. கட்டணம் தள்ளுபடி, கையில் 3,000. இரண்டாவது வெல்கிறது. ஆனால் தள்ளுபடி நிபந்தனையின் சிறிய எழுத்தை இங்கேதான் வாசிக்க வேண்டும். எரிபொருள், மின்கட்டணம், காப்புறுதித் தவணை, பணப்பைச் செயலிக்கு ஏற்றும் பணம், தவணைமுறையில் வாங்கியது, கார்டிலிருந்து எடுத்த ரொக்கம் போன்றவற்றைச் சேர்க்காத வங்கிகள் உண்டு. அந்த 25,000இல் 6,000 பெற்றோலும் மின்கட்டணமும் என்றால், சேரும் தொகை மாதம் 19,000, வருடத்துக்கு 228,000. தள்ளுபடி கிடையாது. காசு திரும்பும் கணக்கிலும் அந்த 6,000 சேராவிட்டால் திரும்பி வருவது 2,280, கட்டணம் 3,000, நட்டம் 720. வாசலில் நின்று "டீச்சர், நீங்கள் சும்மா பாவித்தாலே கட்டணம் வராது" என்று சொன்ன கார்ட் முகவர் பொய் சொல்லவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விட்டார்.

கேட்க வேண்டிய இன்னும் மூன்று விடயங்கள் உண்டு. வருடம் என்பது ஜனவரி முதல் டிசெம்பரா, கார்ட் கிடைத்த மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமா? உங்கள் கணக்கிலேயே குடும்பத்தாருக்கு எடுக்கும் மேலதிக கார்டில் மனைவியோ கணவரோ செலவழித்தது சேருமா? தள்ளுபடி தானாக வருமா, அல்லது அழைத்துக் கேட்டால்தானா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் "கேட்டால்தான்". கேட்காமல் விட்ட காசு திரும்பி வராது.

"வாழ்நாள் முழுவதும் இலவசம்" என்று சொல்லப்படும் கார்டுக்கும் ஒரு சோதனை உண்டு. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் வந்து விண்ணப்பப் படிவம் நிரப்பும் முகவர் சொன்னது போதாது. இலவசம் என்ற சொல் வங்கியின் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ இருக்க வேண்டும். பல இடங்களில் இலவசமாவது முதல் வருடம் மட்டும். இரண்டாம் வருடம் கட்டணம் விழும்போது முகவர் வேறு வங்கிக்குப் போயிருப்பார்.

வருடக் கட்டணத்தை விழுங்கிவிடும் செலவு

நாம் 840, 720 என்று கணக்குப் பார்த்தோம். ஒரு மாதம் பில் பிந்தினால் இவை எல்லாம் அர்த்தமற்றுப் போகும். 2020இல் மத்திய வங்கி கிரெடிட் கார்ட் வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டு, வட்டி 30 வீதத்துக்கு மேலே ஏறியது. பிறகு இறங்கியது, ஆனால் பழைய 18க்கு வரவில்லை. 26 வீதம் என்று வைத்துப் பார்ப்போம். 40,000 ரூபாய் ஒரு மாதம் நின்றால் வட்டி ஏறக்குறைய 867. நான்கு மாதம் நின்றால், நீங்கள் பேரம் பேசித் தள்ளுபடி செய்த 3,000 கட்டணத்தைவிட அதிகம். பிந்தியதற்கான தண்டக் கட்டணம் வேறு.

பலருக்குத் தெரியாத ஒன்று: 40,000 பில்லில் 39,000 கட்டிவிட்டு 1,000 மட்டும் விட்டால், வட்டி அந்த 1,000க்கு மட்டும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான கார்டுகளில் அப்படி இல்லை. முழுத் தொகையும் கட்டப்படாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து பில் கட்டும் கடைசித் திகதிவரை உள்ள வட்டியில்லாக் காலம் மொத்தமாகப் போய்விடும். ஒவ்வொரு பொருளும் வாங்கிய நாளிலிருந்து வட்டி கணக்கிடப்படும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது தண்டக் கட்டணத்தைத் தடுக்கும், வட்டியைத் தடுக்காது.

கிரெடிட் கார்டிலிருந்து இயந்திரத்தில் ரொக்கம் எடுப்பது எல்லாவற்றிலும் மோசம். எடுத்த தொகையில் 4 வீதம் அல்லது குறைந்தது 1,000 ரூபாய் என்று கட்டணப் பட்டியலில் இருந்தால், 10,000 எடுப்பவர் 1,000 கொடுக்கிறார். அதற்கு மேல் எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். தீபாவளி முற்பணம் வரப் பிந்துகிறது என்று இதைச் செய்யவே வேண்டாம்.

மலையகத்தில் பில் பிந்துவதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று திகதி. தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருகிறது. கார்ட் பில் கட்டும் கடைசித் திகதி 5 என்றால், கையில் காசு முடிந்த நேரத்தில் பில் நிற்கும். அரசாங்கச் சம்பளம் மாதக் கடைசிப் பகுதியில். அவர்களுக்குக் கடைசித் திகதி 20 என்றால் அதே துன்பம். கூற்றுத் திகதியை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள். கூற்று வந்து பொதுவாக இருபது நாளுக்கு மேல் கழித்துத்தான் கடைசித் திகதி வரும். 10ஆம் திகதி சம்பளம் வாங்குபவருக்கு 20ஆம் திகதியை ஒட்டிய கூற்று பொருந்தும், பணம் கட்டும் நாள் சம்பளத்துக்குப் பிறகு விழும்.

மற்றது முகவரி. லயத்தில் வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல், தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டும் எழுதிய கடிதம் தோட்ட அலுவலகத்தில் வந்து கிடக்கிறது. ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் யார் கையிலோ போகிறது. கூற்று கைக்கு வரவில்லை என்பதை வங்கி காரணமாக ஏற்காது. ஆகவே கார்டைத் தபாலில் அனுப்ப விடாமல் கிளையில் நேரே பெறுவதாக எழுதிக் கொடுங்கள். கூற்றை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்கில் இருப்பவர், கடைசித் திகதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்து, மூன்று நாள் முன்னதாகவே கட்டுவது நல்லது. வேறு வங்கி வழியாகக் கட்டும் பணம் கணக்கில் பதிய ஒன்றிரண்டு நாள் பிடிக்கலாம்.

பிந்திக் கட்டியது எல்லாம் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் நிற்கும். நாம் கிரிப் என்று சொல்வது அதைத்தான். பாவிக்காத கார்டில் விழுந்த வருடக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டு, அது வட்டியோடு வளர்ந்து, பிறகு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அங்கே நின்று மறிக்கிறது. "நான் அந்தக் கார்டைப் பாவிக்கவேயில்லை" என்பது அந்த நேரத்தில் உதவாது.

சிறு கடைக்காரருக்குக் கணக்கு வேறு

தலவாக்கலையில் கடை வைத்திருப்பவர் மொத்த வியாபாரியிடம் 100,000 ரூபாய்க்குச் சாமான் எடுத்துக் கார்டில் கட்டினால், 40 நாள்வரை வட்டியில்லாமல் பணம் கையில் சுழல்கிறது. அதே தொகைக்கு 12 வீத வட்டியில் கடன் எடுத்திருந்தால் 40 நாளுக்கு ஏறக்குறைய 1,315 ரூபாய். மாதாமாதம் இப்படி நடந்தால் 3,000 வருடக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல. கட்டணமுள்ள கார்ட் உண்மையிலேயே உழைக்கும் இடம் இதுதான். இரண்டு நிபந்தனைகள். சாமான் 40 நாளுக்குள் விற்றுக் காசாக வேண்டும், கொப்பியில் கடனாக நிற்கக் கூடாது. மொத்த வியாபாரி "கார்ட் என்றால் 3 வீதம் கூட" என்று கேட்டால் 3,000 அங்கேயே போய்விடும். கார்ட் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் போடுவதற்கு வியாபாரிக்கு அனுமதி இல்லை. பற்றுச்சீட்டோடு உங்களுக்குக் கார்ட் கொடுத்த வங்கியிடம் முறையிடலாம்.

மேலதிக கார்ட் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை, தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தன் கிரெடிட் கார்டில் மேலதிக கார்ட் ஒன்று எடுத்துக் கொடுப்பதுண்டு. அதற்குத் தனி வருடக் கட்டணம், அதன் கடனும் பிள்ளையின் பெயரில். அம்மா போகும் கடையில் கார்ட் எடுக்கவும் மாட்டார்கள். அம்மாவின் பெயரிலேயே சேமிப்புக் கணக்கும் அடிப்படை டெபிட் கார்டும் எடுத்து, செயலியிலிருந்து பணம் அனுப்புவது மலிவு, அம்மாவின் காசு அம்மாவின் கையிலும் இருக்கும்.

கட்டணம் விழுந்த பிறகு

கூற்றில் வருடக் கட்டணத்தைக் கண்டதும் வங்கியை அழைத்துத் தள்ளுபடி கேளுங்கள். வருடம் முழுக்க எவ்வளவு செலவழித்தீர்கள், ஒருநாளும் பிந்தவில்லை என்பதைச் சொல்லுங்கள். மறுத்தால், "அப்படியானால் கார்டை நிறுத்துகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு பாதியாகவாவது குறைப்பது வழக்கம். ஆனால் நிறுத்தத் தயாராக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். பேசியவரின் பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதி வையுங்கள். முடிவு வரும்வரை பில்லைக் கட்டாமல் வைத்திருக்காதீர்கள். கட்டணத்தையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள், தள்ளுபடி கிடைத்தால் அடுத்த கூற்றில் வரவாக வரும்.

நிறுத்துவதானால் கட்டணம் விழும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பு நிறுத்துங்கள். முதலில், கார்டில் சேர்ந்த சலுகைப் புள்ளிகளைப் பாவித்து முடியுங்கள். கார்டில் மாதாமாதம் தானாக வெட்டப்படும் கொடுப்பனவுகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள். தவணைமுறையில் வாங்கிய பொருள் இருந்தால் கவனம், கார்டை நிறுத்தினால் மீதித் தவணை முழுவதும் ஒரே தடவையில் கேட்கப்படலாம். மீதியைச் சதம்வரை கட்டி, எழுத்தில் விண்ணப்பித்து, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை வாங்குங்கள். கார்டைச் சிப்பின் நடுவே வெட்டுங்கள். கார்டை வெட்டுவதால் மட்டும் கணக்கு மூடப்படாது. கடிதம் கையில் வந்தால்தான் மூடியது.

வங்கி சரியான பதில் தராவிட்டால், முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு, பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். அதன் இலக்கம் 1935. 2023இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளும் வந்திருக்கின்றன. கட்டண அட்டவணையையும் நிபந்தனைகளையும் தமிழில் கேளுங்கள், புரியாத மொழிப் படிவத்தில் கையொப்பமிட வேண்டாம். கிளையில் தமிழ்ப் பிரதி இல்லை என்றால், வரும்வரை விண்ணப்பம் காத்திருக்கட்டும்.